தென்காசி வானில் பாதை போட முடியுமா?

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டால், அது குற்றால மலைக்கும் தென்காசிக்கும் ஏறக்குறைய நேர் மேலாகப் போகும். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் ஒன்று பறந்தது. பகல் வேளைதான், ஆனால் எதிரே இருப்பது தெரியாத வானிலை. மதுரையில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்த விமானம், மதுரைக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் இருக்கும்போதே, சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். வரைபடத்தை மறுபடி பார்த்தால் ஒன்று விளங்கும்: அந்த நேர்க்கோடு சின்னமனூர்ப் பக்கமே போவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிவிட்டால் சமவெளிதான் என்று நிலத்தில் இருக்கும் நமக்குத் தோன்றுகிறது. மேகத்துக்குள் இருக்கும் விமானத்துக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்பதில் வரும் சிறு பிழையே சமவெளியை மலையாக்கிவிடும்.

இதன் பிறகு மூன்றே ஆண்டுகளில், 1974 டிசம்பர் 4 அன்று, இலங்கையின் மலையகத்தில் இதே விதமான விபத்து நடந்தது. ஹஜ் பயணிகளோடு இந்தோனேசியாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டினேர் நிறுவனத்தின் விமானம், கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகக் கருதி கீழே இறங்கி, மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எந்திரம் கெட்டதால் அந்த விமானம் விழவில்லை. நல்ல நிலையில் இருந்த விமானம், விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் போய் மோதியது. இப்படிப்பட்ட சாவுகள்தான் வான்பாதை வகுப்பதற்கான இன்றைய விதிகளைக் கடுமையாக்கின. மலைப்பகுதியில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானம், தன்னைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயரமான தடையைவிடக் குறைந்தது 600 மீட்டர் மேலே இருக்க வேண்டும். சமவெளியில் 300 மீட்டர் போதும். உலகம் முழுவதும் இதுதான் அடிப்படை.

இதையெல்லாம் தென்காசியை முன்வைத்துப் பேசக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. தனி மாவட்டம் என்றால் மருத்துவக் கல்லூரி, விமான நிலையம் என்று கனவுகள் விரிவது இயல்பு. குற்றாலம் என்றதும் ஹெலிகாப்டர் சுற்றுலா என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். ஆசையில் தவறே இல்லை. ஆனால் நம் ஊர்களில் இந்தப் பேச்சு எப்போதும் நிலத்திலேயே தொடங்கி நிலத்திலேயே முடிகிறது: எத்தனை ஏக்கர் கிடைக்கும், எந்தக் கிராமத்தில் புறம்போக்கு இருக்கிறது, இழப்பீடு எவ்வளவு என்று. விமான நிலையத்தின் பெரும்பகுதி நிலத்தில் இல்லை, வானத்தில் இருக்கிறது. ஓடுபாதை என்பது அந்த வான்பாதை தரையைத் தொடும் கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே. ஒரு வான்பாதை தகுதியானதா என்பதை, எல்லாம் சரியாக நடக்கும் நாளை வைத்துச் சொல்லக்கூடாது. இறங்க முடியாமல் மறுபடி மேலேற வேண்டிய நிமிடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தென்காசி மலையடிவாரத்தில் பயணிகள் விமான நிலையமும் வேண்டாம், குற்றாலத்துக்குச் சுற்றுலா ஹெலிகாப்டரும் வேண்டாம் என்பதே என் முடிவு. ஏன் என்பதைக் காற்றிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிவிடும் இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவை அப்படிப்பட்ட கணவாய்கள். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு வழியாக நுழையும் காற்றுதான் தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்தைக் காற்றாலைக் காடாக்கியிருக்கிறது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் நுழைபவர்களை எதிர்த்துத் தள்ளும் காற்றை அறியாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் எழவும் நிற்கவும் முடியும். காற்று மேற்கிலிருந்து வருகிறது என்றால் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைய வேண்டும். விமானம் கிழக்கே சமவெளிப் பக்கமிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்க வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. கிழக்கே திறந்த வெளி, சீரான இறக்கம், எதிர்க்காற்று என்று எல்லாம் கூடிவருவதாகத்தான் தோன்றும். இந்த ஒரு காட்சியை மட்டும் காட்டினால் எந்தத் திட்ட அறிக்கையும் அழகாக இருக்கும்.

அந்த விமானம் இறங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை அடுத்து பார்க்க வேண்டும். மழைத்திரை ஓடுபாதையை மறைக்கிறது. அல்லது காற்று திடீரென்று திசைமாறுகிறது. அல்லது ஓடுபாதையில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. விமானி எந்திரத்தை முழு விசையில் வைத்து மறுபடி மேலேறுகிறார். எதிரே இருப்பது மலை. தென்காசி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் குற்றாலம். அதற்குப் பின்னால் ஆயிரம் மீட்டரைத் தாண்டி எழும் மலைத்தொடர். மறுபடி மேலேறும் பாதையை வகுக்கும்போது கணக்கில் எடுக்கும் வழக்கமான ஏற்றம் 2.5 சதவீதம், அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னே போனால் 25 மீட்டர் உயரம். 5 கிலோமீட்டரில் 125 மீட்டர். புறப்படும் விமானத்துக்கான வழக்கமான ஏற்றம் 3.3 சதவீதம், அதன்படி 5 கிலோமீட்டரில் 165 மீட்டர். புறப்படும்போது இரண்டு எந்திரங்களில் ஒன்று நின்றுவிட்டால், இரட்டை எந்திர விமானத்துக்குச் சான்றளிக்க வேண்டிய ஏற்றம் 2.4 சதவீதம்தான். நேராகப் போனால் இந்த எண்கள் எதுவும் மலைக்கு மேலே கொண்டுபோகாது. எனவே ஓடுபாதையைத் தாண்டியதும் திரும்பியே ஆக வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் 15 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்தின் வளைவுக்கு ஆரம் மட்டும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதையின் கிழக்கு முனையில் முடிவெடுத்து, அதன் மேற்கு முனையைக் கடந்து திரும்பத் தொடங்கினால், மலைக்கும் விமானத்துக்கும் நடுவே மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்.

காகிதத்தில் இதற்கும் விடை எழுதலாம். ஓடுபாதையைச் சற்றுச் சாய்த்துப் போடலாம், முன்கூட்டியே திரும்பும்படி பாதை வகுக்கலாம், சிறிய ஏ.டி.ஆர். ரக விமானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மறுபடி மேலேறும் தேவை வெயிலடிக்கும் அமைதியான காலையில் அதிகம் வருவதில்லை. மழையும் காற்றும் சேரும்போதுதான் வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் தென்காசி இருப்பது மலையின் காற்று மறைவுப் பக்கத்தில். மலையைத் தாண்டி விழும் காற்று அடிவாரத்தில் கீழ்நோக்கி அழுத்தும், சுழலும். கணவாய் வழியாக வரும் காற்று அதன் குறுக்கே பாயும். விமானம் மேலேற வேண்டிய அதே இடத்தில், அதே நேரத்தில், காற்று அதைக் கீழே தள்ளுகிறது. 25 மீட்டர், 33 மீட்டர் என்ற கணக்கெல்லாம் சீரான காற்றுக்குப் போட்டவை.

சரி, எதிர்த்திசையில் இறங்கலாமே என்று கேட்கலாம். அதாவது மேற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்குவது. இறங்கும் விமானத்தின் வழக்கமான சரிவு 3 டிகிரி. அந்தச் சரிவில் ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் விமானம் தரையிலிருந்து சுமார் 520 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்கே மலை அதைவிட உயரம். விமானம் பாறைக்குள் புகுந்து வர முடியாது. மலையடிவாரத்துக்குள்ளேயே சுற்றி வந்து கிழக்கு நோக்கி இறங்கினால், பின்னாலிருந்து காற்று தள்ளும். பெரும்பாலான பயணிகள் விமானங்களுக்குப் பின்காற்று வரம்பு 10 முதல் 15 நாட். மணிக்கு 18 முதல் 28 கிலோமீட்டர். ஒரு காற்றாலை முழுத் திறனில் ஓட நொடிக்கு 12 மீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். அது மணிக்கு 43 கிலோமீட்டர். தரைக்கு அருகே வேகம் குறையும் என்று கழித்துக்கொண்டாலும், காற்றாலைகள் முழுமூச்சாகச் சுழலும் மாதங்களில் பின்காற்றோடு இறங்குவதை ஒரு பாதையாக எழுதி வைக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். மழையில் ஒரு திசையில் இறங்க முயன்று மேலேறிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மறுதிசையில் பின்காற்றோடு இறங்கி, மேட்டு ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 உயிர்கள் போயின. அங்கே மலை குறுக்கே நிற்கவில்லை. திசையை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்த இடத்திலேயே அப்படி நடந்தது.

அடுத்தது பருவம். என் பார்வையில் இதுதான் தென்காசி விஷயத்தில் தீர்ப்பையே எழுதிவிடுகிறது. ஓடுபாதையின் திசையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஆண்டில் குறைந்தது 95 சதவீத நேரம் பக்கக்காற்றின் தொல்லை இல்லாமல் அந்த ஓடுபாதையைப் பயன்படுத்த முடிய வேண்டும். அதற்கான காற்றுப் பதிவுகள் முடிந்தவரை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல், நாளுக்கு எட்டு முறையாவது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் 95 சதவீதம் என்பது ஆண்டு முழுவதற்குமான சராசரி. 365 நாளில் 5 சதவீதம் என்பது சுமார் 18 நாள். சென்னையில் அந்த 18 நாள் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடந்தால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. தென்காசிக்கு விமானத்தில் யார் வருவார்கள், எப்போது வருவார்கள்? அருவிகளில் நீர் கொட்டும் குற்றாலச் சீசனுக்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சாரல் விழா நடக்கும் அந்த நாட்களில்தான் ஆரியங்காவுக் காற்று உச்சத்தில் இருக்கிறது, மலை முகடு மேகத்தில் மூழ்கியிருக்கிறது, தூறல் விட்டு விட்டு விழுகிறது. கூட்டம் வருவதற்கான காரணமும் விமானம் இறங்க முடியாததற்கான காரணமும் ஒன்றே. பக்கக்காற்றை மட்டும் அளக்கும் அந்த 95 சதவீதத்தில் மேகத்தின் அடிமட்டமும் மழைத்திரையும் சேரவே இல்லை. ஆண்டுச் சராசரியில் தேறிவிடும் ஒரு நிலையம், அது தேவைப்படும் மூன்று மாதத்தில் தோற்றுப்போகும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வானம் தெளிந்திருக்கும். அருவியில் தண்ணீர் இருக்காது.

காற்றைப் பற்றி அந்த வட்டாரத்தில் தகவலுக்குப் பஞ்சமில்லை, காற்றாலைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். பக்கத்தில் கயத்தாறில் தேசிய காற்றுச் சக்தி நிறுவனத்தின் சோதனை நிலையமே இருக்கிறது. ஆனால் மின்சாரத்துக்காக அளப்பதும் விமானத்துக்காக அளப்பதும் வேறு வேறு. காற்றாலைக்குத் தேவை, இறக்கை சுழலும் உயரத்தில் சராசரி வேகம். விமானத்துக்குத் தேவை அது மட்டுமில்லை: மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டரில் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, பத்து நிமிடத்துக்குள் காற்றின் வேகமும் திசையும் எவ்வளவு தாவுகின்றன, அடிவாரத்தில் எங்கே காற்று கீழ்நோக்கி விழுகிறது. இவற்றை அடிவாரத்திலேயே கருவி வைத்துப் பல பருவங்கள் அளக்காமல், தென்காசி வான்பாதையைப் பற்றி யார் சொல்லும் உறுதிமொழிக்கும் மதிப்பில்லை.

இன்னொரு மறுமொழி வரும்: மலையடிவாரத்தில்தானே சிக்கல், கிழக்கே தள்ளிப் போட்டால் போதாதா? போதும். மலையிலிருந்து 25, 30 கிலோமீட்டர் விலகினால் மேலே சொன்ன கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால் அங்கே வேறு இரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. சுரண்டையிலிருந்து ஆலங்குளம் வரை நிற்கும் காற்றாலைகள் ஒன்று. விமான நிலையத்தைச் சுற்றி 4 கிலோமீட்டர் ஆரத்தில் 45 மீட்டருக்கு மேல் எதுவும் எழக்கூடாது என்பது பெரிய ஓடுபாதைகளுக்கான அடிப்படைத் தடைவிதி. ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள தென்காசிக் கோபுரமே அந்த அளவைத் தாண்டிவிடும். இன்றைய காற்றாலைகள் அதைப்போல இருமடங்குக்கும் மேல். மற்றொன்று தூத்துக்குடி. தென்காசியிலிருந்து வானில் நேராக அளந்தால் திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர், தூத்துக்குடி விமான நிலையம் 85 கிலோமீட்டருக்குள், மதுரை சுமார் 130 கிலோமீட்டர். புதிய விமான நிலையங்களுக்கான 2008-ஆம் ஆண்டுக் கொள்கை, ஏற்கெனவே உள்ள நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று வந்தால் அதன் பாதிப்பைத் தனியாக ஆராய வேண்டும் என்கிறது. தென்காசி ஒன்றல்ல, மூன்று நிலையங்களின் வட்டத்துக்குள் இருக்கிறது. பாதுகாப்புக்காக மலையைவிட்டு விலகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தூத்துக்குடியை நெருங்கும் கிலோமீட்டர். ஆலங்குளத்துக்குக் கிழக்கே ஒரு விமான நிலையம் கட்டிவிட்டு அதற்குத் தென்காசி என்று பெயர் வைப்பதால் தென்காசிக்காரருக்குக் கிடைப்பது என்ன?

தென்கோடியின் வானம் காலியாகவும் இல்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எந்திரச் சோதனை மையம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரக் கம்பங்களோடு கடற்படையின் தகவல் தொடர்பு நிலையம், இனி குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம். இவை தென்காசிக்கு நேர் மேலே இல்லை என்றாலும், இந்த மூலையில் புதிய பாதை போடும் எவரும் இவற்றைச் சுற்றித்தான் போட வேண்டும்.

சிம்லாவிலும் பூட்டானின் பாரோவிலும் விமானம் இறங்குகிறதே என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இறங்குகிறது. ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். பாரோவில் பகலில் மட்டும், கண்ணால் பார்த்து மட்டும், அதற்கென்றே பயிற்சி பெற்ற சில விமானிகள் மட்டும் இறக்குகிறார்கள்; வானிலை கெட்டால் சேவை நின்றுவிடும். அந்த நாட்டுக்கு நெடுங்காலம் வேறு பன்னாட்டு விமான நிலையம் இருந்ததில்லை. எனவே அந்தச் சிரமத்தைச் சுமக்க நியாயம் இருக்கிறது. சிம்லாவில் மலையுச்சியைச் சீவிப் போட்ட குட்டையான ஓடுபாதை. 2022-இல் சேவை மறுபடி தொடங்கியபோது சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில்கூட இருக்கைகளை முழுவதும் நிரப்பிப் பறக்க முடியவில்லை. பாதி காலியாகப் பறக்கும் விமானத்துக்கு அரசு மானியம் தர வேண்டும். எண்பத்தைந்து கிலோமீட்டரில் பெரிய ஓடுபாதை இருக்கும் ஒரு மாவட்டத்துக்கு அந்தச் செலவும் அந்த ஆபத்தும் எதற்கு?

செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்துவிட்டதே என்ற வாதமும் மெய்யானதே. நம் நாட்டின் ககன் அமைப்பின் உதவியோடு 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் இறங்கிக் காட்டியது. தரையில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறு நிலையங்களுக்கு அது பெரிய வரம். 1971-இல் அது இருந்திருந்தால் சின்னமனூர் விபத்து ஒருவேளை நடந்திருக்காது. ஆனால் செயற்கைக்கோள் சொல்வது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை. மலையை அது நகர்த்தாது. காற்றின் கீழ்நோக்கிய அழுத்தத்தைக் குறைக்காது. நின்றுபோன எந்திரத்துக்கு ஏற்றம் தராது. வளைந்து வளைந்து வரும் பாதையை நுணுக்கமாக வகுக்க அது உதவும். அப்படி வகுத்தாலும் ஒரு எந்திரத்தோடு மேலேறித் தப்பும் வழி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது.

முதலில் கட்டுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கம்பம் மலைக்கு அந்தப்பக்கம், இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரம் என்ற இடத்தில், தேசிய மாணவர் படைப் பயிற்சிக்காக 650 மீட்டர் ஓடுதளம் கட்டினார்கள். 2022 ஏப்ரலில் சோதனைக்காக வந்த சிறு விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. ஓடுதளத்தின் முனைக்கு அருகே ஒரு குன்று குறுக்கே நின்றது. குன்று நேற்று முளைத்ததல்ல. அந்த ஆண்டு மழையில் ஓடுதளத்தின் ஒரு பகுதி மண்சரிந்து போனது. டிசம்பர் 1-ஆம் தேதிதான் முதல் விமானம் அங்கே இறங்கியது. அது இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம். நிலத்தை அளந்தவர்கள் அந்த அளவுக்கு வானத்தை அளக்கவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஹெலிகாப்டருக்கு ஓடுபாதையே வேண்டாமே என்பது எல்லாவற்றிலும் வலுவான வாதமாகத் தெரியும். எல்லாவற்றிலும் ஆபத்தானதும் அதுதான். ஓடுபாதை வேண்டாம் என்பதால் பாதையும் வேண்டாம் என்று ஆகிவிடாது. திருவனந்தபுரத்திலிருந்து குற்றாலத்துக்கு ஹெலிகாப்டர் வர வேண்டுமென்றால் இரண்டு வழிகள்: மலைக்கு மேலே உயரமாக வரலாம்; அல்லது ஆரியங்காவுக் கணவாயில் ரயில் பாதையையும் சாலையையும் பார்த்துக்கொண்டே தாழ்வாக வரலாம். மேகம் முகட்டை மூடியிருக்கும் நாளில் முதல் வழி இல்லை. இரண்டாவது வழியில், நடுவில் மேகம் இறங்கிவிட்டால் திரும்ப இடமில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் அருகே காட்டேரிப் பக்கம் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். ரயில் தண்டவாளத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியில், ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மறைவது பதிவாகியிருந்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசை உணர்வை இழந்து, மலையில் மோதியது என்பது விசாரணையின் முடிவு. நாட்டின் மிகச் சிறந்த விமானிகள், மிகச் சிறந்த இரட்டை எந்திர ஹெலிகாப்டர், மிக முக்கியமான பயணி. அவர்களுக்கே அந்த மலை இடம் தரவில்லை என்றால், ஒற்றை எந்திர வாடகை ஹெலிகாப்டரில் ஐந்து நிமிடம் அருவியைச் சுற்றிக்காட்ட ஆள் ஏற்றுவதை எப்படி ஏற்பது?

கேதார்நாத்தைப் பார்த்தாலே போதும். 2022 அக்டோபரில் அங்கே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 15 அதிகாலையில், கேதார்நாத்திலிருந்து குப்தகாசிக்குத் திரும்பிய இன்னொன்று கௌரிகுண்ட் காட்டில் விழுந்து, ஒரு குழந்தை உட்பட மறுபடி 7 பேர். ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கிறோம் என்பதை வைத்து வருமானம் வரும் தொழிலில், மேகம் விலகக் காத்திருப்பது நட்டமாகத் தெரியும். சீசன் குறுகியது, கூட்டம் பெரியது, வானிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது: குற்றாலத்துக்கும் கேதாருக்கும் உயரத்தில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் இந்த மூன்றும் பொது. குற்றாலத்தில் நின்றுகொண்டு மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதை 2024 மே 17 நமக்குக் காட்டியது. பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாற்று வெள்ளம் திடீரென்று பாய்ந்தது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். மழை பெய்தது மேலே காட்டில்.

காடும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அருவிகளுக்கு மேலே இருப்பது சரணாலயக் காடு. தெற்கே களக்காடு முண்டந்துறை, மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் செந்துருணி. கேதார்நாத் சரணாலயத்துக்கு மேலே ஹெலிகாப்டர்கள் குறைந்தது 600 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும் என்ற அளவு பேசப்பட்டது. நடைமுறையில் அது மீறப்பட்டது. குற்றால மலைக்கு மேல் 600 மீட்டர் என்றால் சீசன் நாளில் அது மேகத்துக்குள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தென்காசிக்கு ஹெலிகாப்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்டவர்களுக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள்தான் உதவி கொண்டுவந்தன. அப்படிப்பட்ட நாளுக்கும், உயிர்காக்கும் மருத்துவப் பயணத்துக்கும், இறங்குதளம் வேண்டும். ஆனால் அது அருவிக்கரையில் இருக்கக்கூடாது. தென்காசிக்குக் கிழக்கே, மலையிலிருந்தும் காற்றாலைகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் விலகிய இடத்தில், கிழக்கிலிருந்தே வந்து கிழக்கிலேயே வெளியேறும் பாதையோடு இருக்க வேண்டும். மேக அடிமட்டமும் பார்வைத் தூரமும் இன்ன அளவுக்குக் கீழே போனால் பறக்கக்கூடாது என்ற எல்லையை முன்கூட்டியே எழுதி, அதை அளக்கும் கருவியையும் அங்கேயே வைக்க வேண்டும். எழுதி வைத்த எல்லை இருந்தால்தான், பெரிய மனிதர் ஒருவர் அவசரப்படுத்தும்போது விமானி மறுக்க முடியும்.

பயணிகளுக்கு வழி தூத்துக்குடியில் இருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த அதன் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் விரிவாக்கப்பட்ட நிலையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. சுற்றிலும் சமவெளி, கிழக்கே கடல். இறங்க முடியாமல் மேலேறும் விமானத்துக்கு எந்தப் பக்கமும் மலை இல்லை. தென்காசி வழியாகப் பாலக்காடு போகும் பாலருவி எக்ஸ்பிரஸ் 2024 ஆகஸ்ட் முதல் தூத்துக்குடி வரை ஓடுகிறது. நெல்லை–தென்காசி நான்குவழிச் சாலைப் பணி எத்தனை ஆண்டு இழுத்தது என்பது ஊரறிந்தது. ஒரு புதிய விமான நிலையத்துக்கான நூற்றுக்கணக்கான கோடியில் சிறு பங்கை அந்தச் சாலைக்கும், விமான நேரத்தை ஒட்டி தென்காசிக்கு நேரடிப் பேருந்துக்கும், சீசனில் கூடுதல் ரயிலுக்கும் செலவிட்டால், விமானத்தில் வருபவர் இரண்டு மணி நேரத்துக்குள் அருவியில் நிற்கலாம். மழையிலும் நிற்கலாம்.

எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று தென்காசிக்காரர் கேட்டால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பின்தங்க வைக்கப்பட்ட ஊர்களுக்கு எப்போதும் காரணம் சொல்லித்தான் மறுத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை வெறும் வாய்ப்பேச்சாக விடக்கூடாது. அடிவாரத்தில் கருவிகள் வைத்து, ஐந்து ஆண்டுக் காற்று, மேகம், பார்வைத் தூரம் ஆகியவற்றை அளந்து, மாதவாரியாக, குறிப்பாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தனியாக, தமிழில் வெளியிடுங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தையும் இந்திய வானிலைத் துறையையும் விமான நிலையங்கள் ஆணையத்தையும் கேட்போம். அந்தக் கணக்கு உழவருக்கும், அருவியில் குளிக்க வருபவருக்கும்கூடப் பயன்படும். தேர்தல் மேடையில் யாராவது தென்காசிக்கு விமான நிலையம் என்று அறிவித்தால், எத்தனை ஏக்கர் என்று கேட்காதீர்கள். ஜூலை மாத மழையில், மேற்கு நோக்கி இறங்க முடியாமல் போன விமானம், ஒரு எந்திரத்தோடு எந்தப் பக்கம் திரும்பும் என்று கேளுங்கள். வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.